எடுக்காமல் கொண்டுவந்த ஆணி

மார்ச் 4, செவ்வாய்

இன்று என் மேஜைக்கு வந்த சட்டைகள் நானூற்றிருபது. அறுபத்துமூன்றைத் திருப்பி அனுப்பினேன். காலர் கோணல், பொத்தான் துளையில் பிசிறு, ஒரு சட்டைக்கு இரண்டு கையும் இடது கை. "உன் கண்ணுல மட்டும் எப்படிம்மா இவ்வளவு படுது" என்றார் சூப்பர்வைசர். குறை கண்டுபிடிக்கத்தானே இந்தத் தொழிற்சாலை என்னை வைத்திருக்கிறது. மூன்று தளத்துக்கு ஒரே கழிப்பறை என்பதும் அதே கண்ணில்தான் படுகிறது. அதைச் சொன்னால் மட்டும் வாயாடி.

வீட்டில் சமையலறைக் கதவு இரண்டு மாதமாகச் சாத்த வரவில்லை. அண்ணன் தச்சன். அண்ணி என்னிடம் சொல்வதுபோல அவனுக்குச் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் கதவு மாட்டுறாரு, நம்ம வீட்டுக்கு மட்டும் நாள் பாத்துட்டிருக்காரு."

"நீ சமைக்கிறப்ப புகை போக வழி வேணாமா" என்றான் அண்ணன். அண்ணி கரண்டியைக் காட்டினாள். சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனான்.

மார்ச் 6, வியாழன்

அண்ணன் தலையில் ஆணி இறங்கிவிட்டது. எழுத வரல.

மார்ச் 7, வெள்ளி, காலை

உயிரோடு இருக்கிறான். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று நடந்ததை வரிசையாக எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும். இந்தச் சொல்லை இனி எதற்கும் சொல்லக் கூடாது.

புதிய அலுவலகக் கட்டடம், ஐந்தாம் மாடி, ஒட்டுப்பலகையில் தடுப்புச் சுவர். அண்ணன் ஒரு பக்கம் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபக்கம் ஆணி அடித்துக்கொண்டிருந்தவன் நெட்டை. அண்ணனின் கூட்டாளி, பத்து வருடப் பழக்கம். உயரத்தால் வந்த பெயர். அடித்தது சுத்தியலால் இல்லை, காற்றில் ஓடும் ஆணித் துப்பாக்கியால். விசையைத் தொட்டால் மூன்றங்குல ஆணி போகும். ஒன்று பலகையைத் தாண்டிப் போய் அண்ணனின் இடது நெற்றிப்பொட்டில் இறங்கியது.

தலைக்கவசம்? ஐந்து பேருக்கு இரண்டு. அந்த இரண்டும் பார்வையிட வருகிற பெரிய மனிதர்களுக்காக அலமாரிக்குள் இருந்தன.

எனக்குப் போன் செய்தது கான்ட்ராக்டர். "பயப்படாதம்மா, சின்ன ஆணிதான். அப்பவே எடுத்து மருந்து போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அந்த நெட்டைதான் யாரையும் கிட்ட விடல. அடிச்சவனும் அவன், எடுக்க விடாதவனும் அவன்."

யார் என்ன சொன்னாலும் சந்தேகப்படுகிறவள் நான். அந்த ஆளின் பேச்சை மட்டும் அப்படியே விழுங்கினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நெட்டை நின்றிருந்தான். முழங்கை வரை ரத்தம் காய்ந்திருந்தது. ஓடிப்போய் அறைந்தேன். கன்னத்துக்கு எட்டாமல் தாடையில் பட்டது. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். "இத டாக்டர்கிட்ட குடுத்துரு தங்கச்சி." நான் அதைப் பறித்து அவன் காலடியில் எறிந்துவிட்டு உள்ளே போனேன்.

அண்ணன் தள்ளுவண்டியில் கிடந்தான். ஆணியின் தலையும் அரை அங்குலமும் வெளியே தெரிந்தன. சுற்றிலும் துணியைச் சுருட்டி வைத்து, ஆணி அசையாதபடி கட்டியிருந்தார்கள். கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்து, "நேத்து... போடு... மேல போடு, அது" என்றான். ஒவ்வொன்றும் சரியான சொல்தான். சேர்த்தால் ஒன்றுமே இல்லை. அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க, போட்டுடலாம். மேலயே போட்டுடலாம்" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு டாக்டரம்மா வந்தார். மூளை அறுவை சிகிச்சை நிபுணர். குள்ளமான உருவம், காலில் ரப்பர் செருப்பு. படத்தைக் காட்டினார். மண்டைக்குள் ஒரு வெள்ளைக் கோடு, அதைச் சுற்றி நட்சத்திரம்போல ஒளி சிதறியிருந்தது.

"ஆணி நுனி பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்துல நிக்குது. பேச்சுக்கான இடமும் அங்கதான். இப்போதைக்கு அந்த ஆணியேதான் ஓட்டைக்கு அடைப்பு மாதிரி இருக்கு. எடுக்கிறப்பதான் ஆபத்து." நிமிர்ந்து பார்த்தார். "இத எடுக்காம கொண்டுவந்தது யாரு?"

"அங்க... வேலை செய்றவன்."

"அங்கயே உருவியிருந்தா இங்க வந்து சேர்ந்திருக்க மாட்டாரு. ஆட்டாம வேற கொண்டுவந்திருக்காங்க. சரி, இது எந்த மாதிரி ஆணி? அதே மாதிரி ஒண்ணு கிடைக்குமா? இரும்ப சுத்தி ஒளி சிதறுறதால படத்துல ஆணியோட உருவம் எனக்குத் தெரியல."

பொட்டலம்.

அய்யோ, அத தூக்கிப் போட்டுட்டேனே. மூணு மாடி எப்படி இறங்கினேன்னு தெரியல. வாசலைக் கூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தரை பளபளவென்று இருந்தது. குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து "தங்கச்சி" என்று குரல். நெட்டை சுவரோரம் உட்கார்ந்திருந்தான். பொட்டலம் அவன் கையில்.

"உள்ள விட மாட்டேங்கிறாங்க. யார்கிட்ட குடுக்கிறதுன்னு தெரியல."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். காவலாளி தடுத்தார். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, அவர் ஒதுங்கிக்கொண்டார்.

பொட்டலத்துக்குள் அதே பெட்டியிலிருந்து எடுத்த நான்கு ஆணிகள். நெட்டை ஒன்றை எடுத்துக் காட்டினான். "துப்பாக்கி ஆணி மேடம். வரிசையா கம்பியில கோத்து வரும். சுடுறப்ப கம்பித் துண்டு ஆணியோட ஒட்டிக்கிட்டே போயிரும், ரெண்டு பக்கமும் முள்ளு மாதிரி. போறப்ப படிஞ்சு போகும். உருவினா விரிச்சுக்கும், மரத்தையே கிழிச்சிட்டு வரும். நல்ல பலகையா இருந்தா நாங்க உருவ மாட்டோம். சுத்தி வெட்டித்தான் எடுப்போம்."

டாக்டரம்மா அந்த முள்ளை நகத்தால் நெருடிப் பார்த்தார். "நாங்களும் அப்படித்தான். சுத்தி எலும்ப வெட்டி எடுத்துட்டு, மூளை மேல இருக்கிற உறையத் திறந்து, கண்ணால பாத்துட்டேதான் ஆணிய வெளிய கொண்டுவருவோம். ஆனா முள்ளு இருக்குன்னு நீங்க சொல்லித்தான் தெரியும்." ஆணியைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மதியம் இரண்டுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஆறே முக்காலுக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். "எடுத்தாச்சு. ரெண்டு முள்ளு இருந்துச்சு. ஒண்ணு குழாயப் பாத்துத் திரும்பியிருந்துச்சு. அத மடக்கின பிறகுதான் அசைச்சோம்."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.

நெட்டையிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வாய் எதற்கெல்லாமோ திறக்கிறது.

மார்ச் 8, சனி

சண்டை போட்டேன். எலும்புச் சில்லு இரண்டு ஆழத்தில் கிடக்கிறதாம். எடுக்கவில்லையாம். எங்கள் தொழிற்சாலையில் ஊசி முனை ஒன்று சட்டைக்குள் தங்கினால் மொத்தப் பெட்டியையும் பிரிப்போம். மனுசன் தலைக்குள்ள விட்டுட்டு வர்றாங்களாம்.

டாக்டரம்மா நின்று பதில் சொன்னார். அவர் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. "அழுக்கு, முடி, மேல இருந்த சில்லு, செத்துப்போன பகுதி, எல்லாத்தையும் கழுவி எடுத்துட்டேன். அந்த ரெண்டும் ஆழத்துல இருக்கு. தேடிப் போனா வழியில இருக்கிற நல்ல மூளையையும் கெடுப்பேன். அவர் பேசணுமா, படம் சுத்தமா இருக்கணுமா?"

"பேசணும்."

"அப்ப அது அங்கயே கிடக்கட்டும். உறையத் தண்ணி கசியாம தைச்சிருக்கேன். தொடையிலேர்ந்து சவ்வு எடுத்து ஒட்டுப் போட்டிருக்கேன். இனி கிருமி வராம பாத்துக்கணும். அதுக்கு மருந்து போகுது. வலிப்பு வராம இருக்கவும் மருந்து போகுது." போகிறபோது திரும்பி, "நீங்க எங்க வேலை பாக்குறீங்க" என்றார். சொன்னேன். "நினைச்சேன்" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

கண் திறந்தான். அண்ணியின் விரலைப் பிடித்தான். வலது கைதான். கொஞ்சம் தாமதமாக, ஆனால் பிடித்தான்.

மார்ச் 11, செவ்வாய்

காய்ச்சல். நூற்றிரண்டு.

மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் போயிருக்கிறார்கள். அண்ணி சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேச்சே வரவில்லை என்றாலும் பரவாயில்லை, இருந்தால் போதும். இதை யாரிடம் சொல்கிறேன்? யாரும் இல்லை. காகிதத்திடம்.

மார்ச் 12, புதன்

மூளைக்காய்ச்சல் இல்லை.

கண்டுபிடித்தது சிடுமூஞ்சி நர்ஸ். நான் வைத்த பெயர். ஒவ்வொரு முறையும் தலையணையை விரலால் தொட்டுப் பார்ப்பார். காயத்திலிருந்து தெளிந்த நீர் கசிகிறதா என்று பார்க்கிறாராம். இன்று காலை அண்ணனின் இடது கையைத் தூக்கிப் பார்த்து, "இங்க பாருங்க, ஊசி போட்ட நரம்பு வீங்கி சிவந்திருக்கு. காய்ச்சல் இதுலேர்ந்துதான்" என்றார். ஊசியை மறு கைக்கு மாற்றினார்கள். மாலைக்குள் நூறு.

அவர் சிரிக்காமல் இருப்பதற்குக் காரணம் பதினெட்டுக் கட்டிலுக்கு அவர் ஒருவர் என்பதுதான். எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். என் மேஜைக்கு யாராவது வந்து சிரிக்கச் சொன்னால் நான் என்ன செய்வேன்?

மார்ச் 15, சனி

சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். பேசுகிறான். அதாவது, சத்தம் சரியாக வருகிறது. சொல் மாறி, தச்சுப் பட்டறைச் சொல்லாக வருகிறது. தண்ணீரை "இழைப்புளி" என்றான். தலையணை "கீல்". அண்ணியைப் பார்த்து மிகவும் முயன்று, "ரெண்டரை அடி" என்றான்.

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள். "பத்து வருசத்துல எனக்கு வெச்ச ஒரே செல்லப் பேரு" என்றாள்.

நெட்டை பார்க்க வந்தான். கட்டிலருகே நின்று அண்ணன் காலைத் தொட்டான். அண்ணன் உடனே, தடங்கலே இல்லாமல், "நெட்டை" என்றான். எங்கள் எல்லோருக்கும் பொறாமை.

கைகழுவும் குழாயடியில் அவனைப் பிடித்தேன். "அன்னிக்கு அடிச்சதுக்கு..."

"எட்டவே இல்லையே தங்கச்சி. அடுத்த தடவ ஸ்டூல் போட்டுக்கோ."

"விளையாடாத. மன்னிச்சிரு."

அவன் குழாயை மூடினான். திறந்தான். "அடிச்சது தப்பில்ல. என் கையிலேர்ந்துதான் போச்சு ஆணி. துப்பாக்கி மூக்குல ஒரு பூட்டு இருக்கும். மரத்துல வெச்சு அழுத்தினாத்தான் சுடும். வேகமா அடிக்கலாம்னு அதக் கம்பி போட்டுக் கட்டியிருந்துச்சு. ஒரு ஆணி சட்டத்துல இறங்கிச்சு, துப்பாக்கி உதறிச்சு, இன்னொண்ணு பின்னாடி சட்டம் இல்லாத இடத்துல போயிருச்சு. கான்ட்ராக்டர் குறடோட ஓடி வந்தாரு. நான் உங்கண்ணன் தலையக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, என்னை வெட்டிட்டு எடுங்கன்னேன்."

"கட்டினது யாரு?"

"கட்டியிருந்துச்சு, அவ்வளவுதான்" என்று முகத்தைக் கழுவ ஆரம்பித்தான்.

மார்ச் 19, புதன்

தொழிற்சாலைக்குப் போனேன். பத்து நாளும் என் பங்குச் சட்டைகளைப் பக்கத்து மேஜைக்காரிகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறார்கள். என் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடக் கூடாதே என்று. என்னிடம் சொல்லவே இல்லை. "நீ இல்லாம இங்க நிம்மதியா இருந்துச்சு, அதான்" என்றாள் ஒருத்தி.

கான்ட்ராக்டர் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். "கருவியின் பூட்டைத் தொழிலாளி தன்னிச்சையாகக் கட்டினார்." தொழிலாளி என்றால் நெட்டை. அவனுக்கு இப்போது எங்கேயும் வேலை இல்லை. பட்ட காயத்துக்கு ஒரு ஏழை, அதற்குக் காரணமாக இன்னொரு ஏழை. கணக்கு முடிந்தது, இவர்களுக்கு.

மார்ச் 21, வெள்ளி

ரத்தக்குழாய்ப் படம் மறுபடி எடுத்தார்கள். ஆணி உரசிய குழாய் சில நாள் கழித்துக் குமிழாக வீங்கி வெடிப்பதுண்டாம். வீங்கவில்லை. டாக்டரம்மா முதல்முறையாக உட்கார்ந்து பேசினார்.

கட்டுப் பிரித்தபோது பார்த்தேன். வெட்டிய எலும்பு அழுக்குப்பட்டது என்பதால் திரும்ப வைக்கவில்லை. சில மாதம் கழித்துத் தகடு வைப்பார்கள். அந்த இடத்தில் தோல் மட்டும். அது துடிக்கிறது. மெல்ல எழுந்து, மெல்ல அமர்கிறது. என் அண்ணன் யோசிப்பதை வெளியிலிருந்து பார்ப்பதுபோல இருந்தது.

நன்றி என்ற சொல்லை நான் அதிகம் சொன்னதில்லை. மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம் எதிர்பார்க்கிற சொல் அது என்று நினைத்திருந்தேன். இன்று அந்தத் துடிப்பைப் பார்த்தபோது வேறு சொல் கிடைக்கவில்லை. தலையைப் பிடித்தவனுக்கு. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு ஐந்து மணி நேரம் நின்றவருக்கு. தலையணையைத் தொட்டுப் பார்த்தவருக்கு. இவர்களில் ஒருவரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் சொல்ல முடிகிறது போல.

கோபம் போய்விட்டதா? போகவில்லை. அலமாரிக்குள் அந்த இரண்டு தலைக்கவசங்களும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

ஏப்ரல் 8, செவ்வாய்

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம். பேச்சுப் பயிற்சியாளர் வாரம் இரண்டு நாள். படத்தைக் காட்டுவார், அண்ணன் பெயர் சொல்ல வேண்டும். இன்று இருபதுக்குப் பதினொன்று. குடையைப் பார்த்து, "மழைக்கு... மேல... கூரை இல்ல, கையில இருக்கிற கூரை" என்றான். பயிற்சியாளர், "இது அந்தச் சொல்லைவிட நல்லா இருக்கே" என்று மதிப்பெண் போட்டார். நான் பதினொன்றரை என்று எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து கடிதம். மே 6 விசாரணை. காயம்பட்டவர் நேரில் வந்து, தன் வாயால் வாக்குமூலம் தர வேண்டும். தன் வாயால். பன்னிரண்டு சொல்லுக்கு வியர்த்துப்போகிறவன்.

அவன் பேசாவிட்டால் கான்ட்ராக்டர் எழுதியதுதான் நிற்கும். நெட்டை குற்றவாளி.

ஏப்ரல் 25, வெள்ளி

அண்ணன் சொல்ல வேண்டிய வாக்குமூலத்தை நானே ஊகித்து எழுதினேன். நான்கே வரி. "பூட்டைக் கட்டியது கான்ட்ராக்டர். நாங்கள் மறுத்தோம். தலைக்கவசம் தரவில்லை. நெட்டை மேல் தவறில்லை." தினமும் சாப்பாட்டுக்கு முன் சொல்லவைக்கிறேன். மூன்றாவது, நான்காவது வரி வந்துவிடுகிறது. முதல் இரண்டு வரிக்கு மட்டும், "இல்ல" என்கிறான். மறுபடி சொன்னால் மறுபடி "இல்ல."

பயிற்சியாளரிடம் கேட்டேன். இப்படிப்பட்டவர்களுக்குச் சில சொல் நாக்கில் ஒட்டிக்கொள்ளும், வேண்டாத இடத்திலும் அதுவே வரும் என்றார். சரி, ஒட்டியதை எப்படியாவது பெயர்த்து எடுக்க வேண்டும்.

மே 3, சனி

"இல்ல." இன்று ஒன்பது தடவை. கத்திவிட்டேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வை. அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

மே 6, செவ்வாய்

சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் விசாரணை அலுவலர், பக்கத்தில் தட்டச்சு செய்கிறவர். கான்ட்ராக்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். நெட்டை கதவோரம், தலை வாசல்நிலையில் இடிக்காமல் இருக்கக் குனிந்து நின்றான்.

நான் காகிதத்தை எடுத்தேன். "சார், இவருக்குப் பேச்சு சரியா வராது. நான் சொல்றேன்."

"உங்களுக்கா அடிபட்டது?"

"இல்ல சார்."

"அப்ப உக்காருங்க."

உட்கார்ந்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் ஆரம்பிக்க வெகு நேரம் ஆனது. அலுவலர் அவசரப்படுத்தவில்லை. அதற்காக அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன்.

"நெட்டை... கட்டல," என்றான் அண்ணன். "தொப்பி... இரும்புத் தொப்பி குடுக்கல. கேட்டோம். குடுக்கல." மூச்சு வாங்கினான். "சார் சொன்னாரு. வேகம்... வேகம் வேணும். நாலு துப்பாக்கியும் கட்டு. கட்டாட்டி நாளைக்கு வராத."

"நான் அப்படி..." என்றார் கான்ட்ராக்டர். அலுவலர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு தட்டச்சு செய்கிறவரிடம் சொன்னார்: "கான்ட்ராக்டரின் உத்தரவின்பேரில் கருவிகளின் பாதுகாப்புப் பூட்டு கம்பியால் கட்டப்பட்டது. போடுங்க." அண்ணனிடம் திரும்பி, "சரிதானே" என்றார்.

இது போதும். நெட்டை தப்பித்தான், கான்ட்ராக்டர் மாட்டினார். நான் எழுதியதைவிட நன்றாகவே இருக்கிறது. கையெழுத்துப் போடு, போயிரலாம்.

"இல்ல," என்றான் அண்ணன்.

அய்யோ, மறுபடி அந்தச் சொல். நான் எழப் பார்த்தேன். அண்ணி விடவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. நெட்டைக்கும் தெரிந்திருந்தது. "வேணாம், விட்ரு" என்றான் கதவோரத்திலிருந்து.

"கட்டப்பட்டது... இல்ல." அண்ணன் வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான். "நான். அவர் சொன்னாரு. நான் கட்டினேன்."

அலுவலர் அந்தக் கையைப் பார்த்தார். "அப்படியே போட்டா உங்க பேரும் இதுல வரும். தெரியுமில்ல?"

"தெரியும். போடுங்க."

தட்டச்சு செய்கிறவர் பின்னோக்கி அழித்துக்கொண்டே போனார். பிறகு அண்ணன் சொன்ன சொல்லை, அவன் சொன்னபடியே அடித்தார்.